முப்பத்தெட்டு நிமிஷம்

அலுவலகத்தில் பல்வலி என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் மார்க் வாத்தியார் அந்தக் கட்டடத்துக்கு வந்துகொண்டிருந்தார். இது ஐந்தாவது சனிக்கிழமை. "இன்னும் எத்தனை பல்லு சார் பாக்கி?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கிற அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது. ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குத் தகுந்த மாதிரி கன்னத்தை வேறு பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமைகளில் மனிதர் காபியைக்கூட ஆறவைத்துக் குடித்தார்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை. மாடிப்படி தொடங்குகிற இடத்தில் 'தம்பதியர் ஆலோசனை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அது போதாதென்று மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். வாத்தியார் கடை வாசலில் நின்று ஏதோ காகிதத்தைத் தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் துழாவுவார். தெரு காலியானதும் விறுவிறுவென்று ஏறிவிடுவார். மனைவிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். நேராக வருவாள், செருப்பைக் கழற்றுவாள், உள்ளே போய் உட்காருவாள்.

வாத்தியார் என்றதும் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு ஒரு கால் சென்டரில் வேலை. வாஷிங் மெஷின் ஓடவில்லை, ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று ஊர்ப்பட்ட ஜனம் போன் செய்து திட்டும். அந்தத் திட்டை அங்கே இருக்கிற இளசுகள் எந்த லட்சணத்தில் வாங்கிக்கொண்டார்கள் என்று பதிவைக் கேட்டு மார்க் போடுவார். இருபது கேள்விகள் உள்ள தாள் ஒன்று எப்போதும் எதிரில் இருக்கும். குறுக்கே பேசாமல் கேட்டாரா, வருத்தம் தெரிவித்தாரா, நம்பிக்கை கொடுத்தாரா என்று அது பாட்டுக்குப் போகும். வாடிக்கையாளரை ஹோல்டில் போட்டுக் காக்கவைத்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வந்து பேசியாக வேண்டும். வராதவருக்குப் பூஜ்யம். பதினோரு வருஷமாக ஈவு இரக்கம் இல்லாமல் பூஜ்யம் போட்டுத்தான் அந்தப் பட்டப்பெயரைச் சம்பாதித்திருந்தார்.

இன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வருகிற வியாழக்கிழமை மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாலி கட்டிய மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போக யாராவது அனுமதி கேட்டு நிற்பார்களா? இவர் நின்றார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் நடந்தது, மருந்து ஏறியது, முடி கொட்டியது, திரும்பவும் முளைத்தது. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை. இந்தத் தடவை டாக்டருக்கு ஏதோ சந்தேகம் வந்து இன்னொரு டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். முடிவு வியாழக்கிழமை. இதில் எதையும் மனைவி அவரிடம் சொல்லவில்லை. அவளுடைய அக்காதான் போன் செய்து, "தம்பி, வியாழக்கிழமை நானே அவளைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன். நீங்க லீவு போட்டு அலைய வேண்டாம்" என்றாள். அப்படி ஒரு டெஸ்ட் எடுத்த விஷயமே அவருக்கு அப்போதுதான் தெரியும். "ஆமாங்க்கா, அவ சொன்னா" என்று சமாளித்துவிட்டார். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெறுமனே நின்றார். அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

அந்த அக்காவுக்கு இவர் தங்கமான மனுஷன். சிகிச்சை நடந்த எட்டு மாதமும் மாத்திரை நேரத்தை அட்டையில் எழுதி ஒட்டியது, சூப் வைத்துக் கொடுத்தது, வாந்தி எடுத்தால் வாளியைப் பிடித்தது எல்லாம் அவர்தான். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த எட்டு மாதத்தில் அவள் ஒரு தடவைகூட அவரைக் கூப்பிடவில்லை. வாந்தி வந்தால் அவரே சத்தம் கேட்டு ஓடினால்தான் உண்டு. வேலைக்குத் திரும்பிய பிறகும் போன் கிடையாது. 'பால் வாங்கணும்', 'வர லேட் ஆகும்' என்று நாலு எழுத்து மெசேஜ் வரும், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவள்தான் ஆலோசகரைப் பற்றி எடுத்தாள். "போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன். நீங்க வரலைன்னாலும் பரவாயில்ல" என்றாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்டுத்தான் அவர் நடுங்கிப்போய் வந்தார்.

ஆலோசகர் அம்மாளுக்கு வருஷம் முழுவதும் ஜலதோஷம். மடியில் ஒரு கைக்குட்டை, மேஜையில் இன்னொன்று. அறையில் மூன்று நாற்காலிகள், மூலையில் தண்ணீர்க் கேன், வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கடிகாரம். முதல் நாளே ஒன்று சொன்னார். "சண்டை போட்டுக்கிட்டு வர்றவங்களைப் பார்த்தா எனக்குப் பயமில்லங்க. சத்தம் போடறாங்கன்னா இன்னும் எதிர்பார்க்கறாங்கன்னு அர்த்தம். ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடறதையே நிறுத்தினவங்க வந்தாத்தான் எனக்குக் கவலை. கூப்பிட்டா வருவாங்கங்கற நம்பிக்கை இருந்தா மத்ததையெல்லாம் எப்படியாவது சமாளிச்சுடலாம்." வாத்தியார் பலமாகத் தலையாட்டினார். நன்றாகத் தலையாட்டுவதும் அவர் தாளில் ஒரு மார்க்காக இருந்திருந்தால் அன்றைக்கு முழுசாக வாங்கியிருப்பார்.

கூத்து நடந்தது மூன்றாவது வாரம். பேச்சுக்கு நடுவே வாத்தியார் மனைவியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நீ எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பேன்னு என்னால நல்லாப் புரிஞ்சுக்க முடியுது. அதுக்காக மனசார வருத்தப்படறேன்" என்றார். ஆலோசகர்கூட ஒரு கணம் நெகிழ்ந்துதான் போனார். மனைவி சிரித்துவிட்டாள்.

"அது இவர் ஷீட்ல நாலாவது கேள்விங்க" என்றாள். "புதுசா வர்ற பசங்களுக்கு இதைத்தான் மனப்பாடம் பண்ணச் சொல்வார். வீட்ல உட்கார்ந்து இவர் டைப் அடிச்சப்ப எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்ததே நான்தான்."

வாத்தியாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஏமாற்ற வேண்டும் என்று சொன்னதல்ல அது. உள்ளே கைவிட்டுத் துழாவியபோது அந்த வாக்கியம்தான் கையில் அகப்பட்டது. வேறு வார்த்தை எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அதுதான் இன்னும் பெரிய வெட்கக்கேடு.

இந்த ஐந்தாவது வாரம் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். "வியாழக்கிழமை நானும் வரேன்னு சொல்றேங்க. வேண்டாங்கறா."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவங்க பக்கத்துலதானே இருக்காங்க" என்றார் ஆலோசகர். எல்லாரிடமும் அவர் சொல்கிற பேச்சு இது. யாரும் அவரைப் பார்த்து முறையிடக் கூடாது.

வாத்தியார் நாற்காலியோடு திரும்பினார். "நான் வரேன்."

"வேண்டாம்" என்றாள் அவள். கோபமே இல்லை. "அக்கா இருந்தா நான் அழுதுக்குவேன். நீங்க இருந்தா உங்களுக்கு என்ன ஆகுமோன்னு அதை வேற பார்க்கணும். ஒரு நேரத்துல ஒரு நோயாளிதான் முடியும்."

ஆலோசகர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இது எப்ப முடிவு பண்ணினீங்கம்மா? இவர்கிட்ட அழ முடியாதுன்னு?"

கடிகாரம் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியாருக்குத் தெரியும் எப்போது என்று. தேதி தெரியும், மணி தெரியும். ஒன்றரை வருஷமாக இந்த இடம் வரும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிடுவார். இன்றைக்கும் வாய் வரை ஏதோ ஒரு சமாளிப்பு வந்தது. ஆனால் வியாழக்கிழமைக்கு ஐந்து நாள்கூட முழுசாக இல்லை.

"அன்னிக்கு லைன் கட் ஆகல" என்றார்.

"தெரியும்" என்றாள் மனைவி.

ஆலோசகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இது புதிது. நடந்தது இதுதான். கால் சென்டரில் செல்போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் மேஜை போனுக்குத்தான் கூப்பிட வேண்டும். கட்டி என்னவென்று ரிப்போர்ட் வந்த அன்று, பரிசோதனைக் கூடத்தில் தன் ரிப்போர்ட்டைத் தானே எடுத்துப் படித்துவிட்டு அவள் அந்த நம்பருக்குக் கூப்பிட்டாள். "ஏங்க, அதுதாங்க. எனக்கு அதுதான் வந்திருக்கு" என்றாள். குரல் உடைந்துவிட்டது. இவர், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொல்லி ஹோல்டு பட்டனை அழுத்தினார். கட்டின மனைவியை வாங்க போங்க என்று அவர் கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், "லைன் கட் ஆயிடுச்சு, திரும்பப் போட்டேன் கிடைக்கல" என்றார். அவள் "ம்" என்றாள்.

"ஹோல்டுல ஒரு பாட்டு போடுவாங்க" என்று இப்போது ஆலோசகரிடம் சொன்னாள் அவள். "லைன் கட் ஆனா பாட்டு கேட்குமா?"

"தெரிஞ்சும் நீங்க கேட்கலையா?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்வார். அதையும் உட்கார்ந்து கேட்கணுமா?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். ஆலோசகர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். "சார், அந்தப் பட்டனை அமுக்கினப்ப உங்களுக்குள்ள என்ன நடந்தது?"

"அன்னிக்கு வேலை கொஞ்சம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். தானே கேட்டாலும் நம்பமாட்டார் இதை. "பயந்துட்டேன்."

"அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க."

அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கழுத்தைத் திருப்பவே முழு பலமும் தேவைப்பட்டது. "பயந்துட்டேன்மா. பதினோரு வருஷமா அழற குரலைக் கேட்டுக்கிட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆனதில்ல. உன் குரலைக் கேட்டதும் என்ன பேசறதுன்னு தெரியல. ஷீட்ல இருக்கிறதுதான் வரிசையா ஞாபகம் வந்துச்சு. அதுல ஒண்ணைச் சொன்னா நீ கண்டுபிடிச்சுடுவேன்னு... ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு எடுத்துடலாம்னுதான் அமுக்கினேன். அப்புறம் எடுக்க முடியல. ஹோல்டு லைட்டு மின்னிட்டே இருந்துச்சு. நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டு யாரோ வாஷிங் மெஷின்காரனுக்கு மார்க் போட்டேன்."

மனைவி மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் இந்த மட்டோடு நிறுத்தியிருக்கலாம். ஆலோசகரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் இவ்வளவு தூரம் வந்த பிறகு மிச்சத்தை ஒளித்துவைத்தால் அது இன்னொரு பொய்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். "அங்க எல்லா லைனும் பதிவாகும். ஹோல்டுல போட்டாலும் அந்தப் பக்கத்துக் குரல் பதிவாகிக்கிட்டே இருக்கும். மறுநாள் நான் அதை எடுத்துக் கேட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"முப்பத்தெட்டு நிமிஷம் இருந்துச்சு. முதல்ல ஒண்ணுமே இல்ல, மூச்சுதான். அப்புறம் 'இருக்கீங்களா'ன்னு கேட்டே. மூணு தடவை கேட்டே. அப்புறம் யாரோ வந்து, ஏன் இங்க நிக்கறேன்னாங்க. நீ, 'ஒண்ணுமில்ல, வீட்டுக்காரர் லைன்ல இருக்கார், பேசிக்கிட்டிருக்கோம்'னு சொன்னே."

"எத்தனை தடவை கேட்டீங்க?" என்றாள்.

"மூணு."

"மூணு தடவை கேட்டுட்டு, வீட்டுக்கு வந்து எனக்குச் சூப்பு வெச்சுக் கொடுத்தீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக உயர்ந்தது. "எட்டு மாசம்! வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அப்ப ஒரு தடவை சொல்லத் தோணலையா உங்களுக்கு? நான் பைத்தியக்காரி மாதிரி, ஒருவேளை நிஜமாவே லைன் கட் ஆயிருக்குமோ, அப்புறம் எப்படியோ பாட்டு வந்திருக்குமோன்னு எத்தனை நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா?"

"அழிச்சுட்டேன் அந்தப் பதிவை" என்றார் அவர், கேட்காமலே.

"நல்ல வேலை செஞ்சீங்க!"

ஆலோசகர் குறுக்கே வரவில்லை. அவள் மூச்சு இரைப்பது அடங்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, "முப்பத்தெட்டு நிமிஷம் ஏம்மா வைக்காம நின்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவள் குரல் இப்போது இறங்கிப்போயிருந்தது. "வெச்சுட்டா, வரமாட்டார்னு நானே முடிவு பண்ணின மாதிரி ஆயிடும்னு நினைச்சேன். ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். ரத்தப் பாட்டில் எடுக்க ஆளுங்க வந்து வந்து போறாங்க. ஒவ்வொருத்தர் வரும்போதும் பேசற மாதிரி வாயை அசைச்சேன். எனக்கு வந்த நோயைவிட அதுதான் எனக்கு அவமானமா இருந்துச்சுங்க." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் பேசினாள். "அக்கா கேட்டப்பவும் லைன் கட் ஆயிடுச்சுன்னுதான் சொன்னேன். இவரை யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசிடக்கூடாதுன்னு. இவர் பொய்யை நானும் சேர்ந்து காப்பாத்தினேன்."

வாத்தியாருக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கதவு நாலடி தூரத்தில்தான். இத்தனை நாளும் அந்தப் பொய்யைத் தான் ஒருவராகச் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். பாதிப் பாரம் அவள் தோளில் இருந்திருக்கிறது, அதுவும் மருந்து ஏறிக்கொண்டிருந்த தோளில். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஐம்பதை நெருங்குகிற மனிதர், மூக்கெல்லாம் ஒழுகி, பார்க்க நன்றாகவே இல்லை.

அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்கு யாரும் யாரையும் மன்னிக்க வேண்டாம்" என்றார் ஆலோசகர், மேஜையிலிருந்த கைக்குட்டையை அவர் பக்கம் தள்ளி. பிறகு தன் ஜலதோஷம் நினைவுக்கு வந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தண்ணீரைக் காட்டினார். "முகம் கழுவிட்டுப் போங்க. இதுவே பெரிய வேலை."

இருவரும் படி இறங்கினார்கள். ஜெராக்ஸ் கடையில் கூட்டம். வழக்கமாக இந்த இடத்தில் வாத்தியார் பத்தடி முன்னால் போய்விடுவார், இருவரும் சேர்ந்து இறங்கியது யாருக்கும் தெரியக்கூடாது என்று. இன்றைக்கு அம்புக்குறிக்குக் கீழேயே நின்றார்.

"வியாழக்கிழமை நான் வரட்டுமா?"

"அக்கா வர்றாங்கல்ல."

"அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"என்னன்னு சொல்வீங்க? லீவு கிடைச்சுடுச்சுன்னா?"

அதைத்தான் சொல்வதாக இருந்தார். அச்சு அசலாக அதே வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அழுது முகம் கழுவி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் அடுத்த பொய். முகம் தணலாகக் காந்தியது.

போனை எடுத்து அக்காவின் நம்பரைப் போட்டார். அவள் தடுக்கவில்லை.

"சொல்லுங்க தம்பி! பல்வலி தேவலையா?" என்றாள் அக்கா. இந்தப் பல்வலி அங்கே வரைக்கும் போயிருந்தது.

"பல்வலி இல்லக்கா. நாங்க ரெண்டு பேரும் ஒரு ஆலோசகர்கிட்ட வந்துட்டிருக்கோம். எங்களுக்குள்ள சரியில்ல. அதுக்கு நான்தான் காரணம்." ஜெராக்ஸ் கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். வாத்தியார் குரலைக் குறைக்கவில்லை. "ரிப்போர்ட் வந்த அன்னிக்கு அவ எனக்குப் போன் பண்ணினாளே, அப்ப லைன் கட் ஆகலக்கா. நான்தான் ஹோல்டுல போட்டுட்டுத் திரும்ப எடுக்காம விட்டேன். முப்பத்தெட்டு நிமிஷம். பயந்துக்கிட்டு. உங்ககிட்ட ரெண்டு பேரும் பொய் சொல்லிட்டோம்."

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பாருங்கள் சத்தம். போனைக் காதில் வைத்திருந்தாலும் பக்கத்தில் நின்ற மனைவிக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. "நீங்கல்லாம் ஒரு மனுஷனாய்யா? தாயில்லாப் பொண்ணுன்னு என் தங்கச்சியை உங்க கையில ஒப்படைச்சோமே! தங்கம் தங்கம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்! அவ அங்க நின்னு துடிச்சிருக்கா, உங்களுக்கு மிஷினுக்கு மார்க் போடற வேலை கேட்டுச்சா?"

மிஷின் விஷயம் அக்காவுக்கு எப்படித் தெரியும் என்றால் தெரியாது. கோபத்தில் அவர் வேலையைத் திட்டினாள், அது சரியாக விழுந்தது. வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க்கா" என்றார். நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தப்பிக்கப் பார்க்காமல் ஒரு திட்டை அவர் முழுசாக வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

திட்டு அடங்குகிற வழியாக இல்லை. மனைவி கையை நீட்டி அவர் காதிலிருந்து போனை எடுத்தாள்.

"அக்கா, போதும். வியாழக்கிழமை நீ வர வேண்டாம். இவர் வர்றார்."

"இவ்வளவுக்கு அப்புறமுமாடி?"

"இவ்வளவையும் சொன்னதுக்கு அப்புறம்தான்க்கா."

போனை அணைத்து அவர் கையில் கொடுத்தாள். கடைக்காரர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குத் தலை நிமிரவில்லை, அவள் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்க்கும் வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.